இமாம்பசந்த் கன்னு குச்சியா மேல போகுது, தலையை வெட்டலாமா? (மா, கொய்யா, சீத்தா, எலுமிச்சை)

பல்லடத்துக்காரன்

வணக்கமுங்க. செம்மண் காடு, ஒண்ணரை ஏக்கர், சொட்டுநீர் இருக்குது. போன ஆடியில இமாம்பசந்த் ஒட்டு, லக்னோ 49 கொய்யா, சீத்தா, எலுமிச்சைன்னு கலந்து வெச்சேன். வேலியோரம் நாலு பலா. எல்லாமே பொழைச்சிருச்சு, அதுல குறை இல்லைங்க. ஆனா மா எல்லாம் ஒரே குச்சியா நெஞ்சு உசரம் போயிருச்சு. இடுப்பு வரைக்கும் ஒரு பக்கக்கிளை கிடையாது. காத்துக்குச் சாயுதுன்னு மூங்கில் நட்டுக் கட்டியிருக்கேன். கொய்யாவுல ரெண்டு மூணு கிளை இருக்குது, ஆனா அதுவும் மேல மேலதான் ஓடுது.

பக்கத்துக் காட்டுக்காரர் ஒருத்தர் பார்த்துட்டு, "முட்டி உசரம் நிறுத்தி எல்லாத்தையும் வெட்டி உடுங்க, அப்பத்தான் புதராட்டம் வரும்"ங்கிறாரு. எங்கப்பா கத்தரியை எடுத்து ஒளிச்சே வெச்சுட்டாரு. "காசு கொடுத்து வாங்கி, தண்ணி உட்டு வளர்த்ததை வெட்டறதுக்கா"ன்னு ஒரே சத்தம். மழைக்கு முன்னால முடிவு பண்ணோணும். வெட்டலாமா? எங்க வெட்டறது? எல்லா மரத்துக்கும் ஒரே கணக்கா?

கிருஷ்ணகிரி மாந்தோப்பு

மாவுக்கு வெட்டித்தான் ஆகணும். இமாம்பசந்துக்கு கூடவே சொல்லணும், அது ஓடி வளர்ற ரகம். விட்டீங்கன்னா பத்து வருஷம் கழிச்சு ஏணி போட்டாலும் காய் எட்டாது.

ஆனா முட்டி உயரம் வேண்டாம். தரையிலிருந்து 60–70 செ.மீ. எங்க பக்கம் நெருக்க நடவுல (3 மீட்டருக்கு 2 மீட்டர், ஏக்கருக்கு 674 செடி) எல்லாரும் பிடிக்கிற அளவு அதுதான். வெட்டின இடத்துக்குக் கீழ நாலஞ்சு துளிர் வரும். ஆளுக்கொரு திசையா மூணோ நாலோ விட்டுட்டு மீதியை விரலாலேயே கிள்ளி எடுத்துடுங்க. அந்தக் கிளைங்க ஒண்ணரை ரெண்டு அடி வளர்ந்து இலை முத்தினதும் மறுபடி நுனியை எடுக்கணும். ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மூணு வரும். ரெண்டு வருஷத்துல முப்பது கிளைக்குக் குறையாம இருக்கும். மாவுல பூ வர்றது முத்தின கிளையோட நுனியிலதான். நுனி எத்தனையோ, பூங்கொத்து அத்தனை. அதுக்குத்தான் இவ்வளவு பாடும்.

வெட்டறதுக்கு முன்னாடி ஒட்டு போட்ட இடத்தைக் கண்ணால பாருங்க. அடியில் கொஞ்சம் வீங்கின மாதிரி, தோல் நிறம் மாறியிருக்கும். அதுக்குக் கீழ வர்ற எந்தத் துளிரும் காட்டு மா. எவ்வளவு செழிப்பா வந்தாலும் ஆசைப்படாம உடனே எடுத்துடணும்.

ராசிபுரம் மானாவாரி

ஒரு மாற்றுக் கருத்து. எல்லாரும் 674, 674 என்கிறீர்கள். எங்கள் தாத்தா வைத்த தோப்பில் 10 மீட்டர் இடைவெளி, ஏக்கருக்கு 40 மரம். ஒரு மரத்தையும் யாரும் சின்னதில் வெட்டியது கிடையாது. கீழே நிலக்கடலை போட்டோம், உளுந்து போட்டோம், ஏர் ஓட்டினோம், இப்போது டிராக்டர் போகிறது. ஆடு வாய் வைக்கிற உயரத்தில் ஒரு கிளையும் இல்லை. இரண்டரை அடியில் கிளை பிரித்துவிட்டால் இதெல்லாம் முடியுமா?

இன்னொன்று. நெருக்க நடவு போட்டவர்கள் முதல் மூன்று வருடம் போட்டோ எடுத்துப் போடுவார்கள். ஆறாவது வருடம் போய்ப் பாருங்கள். வருடா வருடம் அத்தனை மரத்தையும் வெட்ட ஆள் கிடைக்காமல் கிளையோடு கிளை பின்னி, உள்ளே வெயில் இறங்காமல், உச்சியில் மட்டும் நாலு காய் இருக்கும். கத்தரி பிடிக்க ஆள் இல்லை என்றால் அந்தப் பக்கமே போகக் கூடாது.

கிருஷ்ணகிரி மாந்தோப்பு

//வருடா வருடம் அத்தனை மரத்தையும் வெட்ட ஆள் கிடைக்காமல்//

இது நூத்துக்கு நூறு உண்மைங்க ஐயா, மறுக்க மாட்டேன். அறுவடை முடிஞ்ச கையோட, ஆடி ஆவணிக்குள்ள கவாத்து, அதாவது கிளை வெட்டறது, முடியணும். தள்ளிப்போச்சுன்னா புதுக்கிளை மார்கழி தைக்குள்ள முத்தாது, அந்த வருஷம் பூவே பாதிதான். ஆனா தம்பி கேக்கறது காய்க்கிற மரத்தைப் பத்தி இல்லையே. 10 மீட்டர்ல வெச்சாலும் ஒத்தைக் குச்சியா விடறது நல்லதில்லை. டிராக்டர் போகணும்னா மூணரை நாலு அடியில் தலையை எடுங்க, அவ்வளவுதானே வித்தியாசம்.

ராசிபுரம் மானாவாரி

நாலு அடி என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. முட்டி உயரம் என்றதும்தான் கை துறுதுறுத்தது.

தாவரவியல் வாத்தியார்

வெட்டினால் ஏன் பக்கத்தில் துளிர்க்கிறது என்று தெரிந்துகொண்டால் எங்கே வெட்டுவது என்பது தானாகப் புரியும். ஒவ்வொரு இலைக்காம்பின் கக்கத்திலும் ஒரு மொட்டு தூங்குகிறது. நுனிக்குருத்தில் ஆக்சின் என்ற பொருள் உற்பத்தியாகித் தண்டு வழியாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. அது இறங்கும்வரை கீழ்மொட்டுகள் எழுந்திருக்காது. 1930-களில் திமன், ஸ்கூக் என்ற இருவர் ஒரு பயறுவகைச் செடியின் நுனியை நறுக்கிவிட்டு, நறுக்கிய இடத்தில் ஆக்சினை வைத்துப் பார்த்தார்கள். நுனி போன பிறகும் மொட்டுகள் தூங்கிக்கொண்டே இருந்தன. அதிலிருந்துதான் இந்த விளக்கம் பாடப்புத்தகத்தில் ஏறியது.

பிறகு இதில் ஒரு திருத்தம் வந்தது. பட்டாணிச் செடியில் 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, முதல் தூண்டுதல் சர்க்கரைதான் என்று காட்டியது. வளர்கிற நுனி சர்க்கரையை எல்லாம் இழுத்துக்கொள்கிறது. நுனி போனதும் அந்தச் சர்க்கரை கீழ்மொட்டுகளுக்குத் திரும்புகிறது. ஆக்சின் குறைவது கீழே போய்ச் சேருவதற்கு முன்பே மொட்டு அசையத் தொடங்கிவிடுகிறது.

தோட்டக்காரருக்கு இதனால் என்ன லாபம் என்றால், வெட்டுவது மட்டும் போதாது, வெட்டும் நேரத்தில் செடியிடம் கையிருப்பு இருக்க வேண்டும். செம்பு நிறத்தில் கொழுந்து தொங்கிக்கொண்டிருக்கும்போது வெட்டாதீர்கள். அந்தக் கொழுந்துக்குத்தான் இருப்பு முழுவதும் செலவாகியிருக்கும். இலை கரும்பச்சையாகி, மடக்கினால் மொறுமொறுவென்று உடைகிற பதம் வரும் வரை பொறுங்கள்.

பல்லடத்துக்காரன்

வாத்தியாரய்யா, அங்கதான் எனக்குச் சிக்கலுங்க. 70 செ.மீ-ல வெட்டினா அதுக்குக் கீழ ஒரு இலை கூட இருக்காது. கீழ் இலையெல்லாம் கோடையில உதிர்ந்து போச்சு. வெறும் குச்சிதான் நிக்கும். துளிர்க்குமா, இல்ல காஞ்சு போயிருமா?

கிருஷ்ணகிரி மாந்தோப்பு

துளிர்க்கும். 40 வருஷத்து மரத்தையே மொட்டையா வெட்டிப் புதுப்பிக்கிறோம், இலையில்லாத கட்டையிலதானே வருது. தண்டு கட்டைவிரல் தடிமன் இருந்தா தைரியமா வெட்டுங்க. பென்சில் தடிமன்னா இந்த வருஷம் விட்டுடுங்க.

தாவரவியல் வாத்தியார்

பெரிய மரத்துக்குத் தடித்த வேரும் அடிமரமும் நிறைய மாவுச்சத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு வயதுக் கன்றுக்கு அந்த இருப்பு எங்கே? துளிர்க்காது என்று சொல்லவில்லை. தாமதமாகும், ஒன்றிரண்டு நுனியிலிருந்து காய்ந்துகொண்டே இறங்கும்.

நடுவழி ஒன்று இருக்கிறது. நுனியை வெட்டாமல், 70 செ.மீ உயரத்தில் தண்டைப் பாதி வரை மட்டும் அறுத்து, மேற்பகுதியை அப்படியே மெதுவாகச் சாய்த்துத் தரையோடு கட்டிவிடுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு நாற்றங்காலில் மொட்டு ஒட்டுக்கட்டிய பிறகு, அடியில் இருக்கும் வேர்ச்செடியின் மேல்தண்டை இப்படித்தான் மடக்குவார்கள். இலைகள் உயிரோடு இருந்து வேருக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும், ஆனால் நுனியின் அதிகாரம் போய்விடும். வளைவுக்குக் கீழே துளிர்த்து இலை முற்றியதும் சாய்ந்த பகுதியை முழுதாக வெட்டி எடுத்துவிடலாம்.

ஹட்டன் தோட்டத்துப் பொடியன்

மலைநாட்டில இருந்து எழுதுறேன். எங்கட தொழிலே இதுதான் எண்டு சொல்லலாம். தேயிலையை வெட்டாம விட்டா அது மரம். அதைப் பிடிச்சு இடுப்பு உயரத்தில மேசை மாதிரி வச்சிருக்கிறது கவ்வாத்துக் கத்திதான். இளங்கண்டை நட்டு, நடுத்தண்டை முதல்ல வெட்டிப் பக்கத்துக்கு விரிய விட்டுத்தான் பிறகு கொழுந்து கிள்ளுறது.

வாத்தியார் சொன்ன இருப்பு விசயத்தை தோட்டத்தில கண்ணால பார்த்தே முடிவு செய்வாங்க. கவ்வாத்துக்கு முந்தி ஒரு வேர்த்துண்டை வெட்டி எடுத்து, வெட்டுமுகத்தில அயடின் தடவுறது. கருநீலமா மாறினா மாவுச்சத்து இருக்கு, வெட்டலாம். நிறம் ஏறாட்டி அந்த மலையை (தேயிலைக் காணியை) வெட்டாமக் கொஞ்ச நாள் ஆற விடணும். வரட்சி நேரத்தில வெட்டினா செடி செத்துப் போகும் எண்டு தாத்தா காலத்து ஆக்களுக்கே தெரியும். இன்னொரு முறையும் இருக்கு. எல்லாத்தையும் மொட்டையடிக்காம ஓரத்தில இலையோட ஒரு கிளையை விட்டுட்டு வெட்டுறது. புதுத்துளிர் நிண்டு பிடிச்சதும் அதையும் எடுக்கிறது. மாவுக்கு அளவு வேற, ஆனா யோசனை ஒண்டுதான் எண்டு நினைக்கிறேன்.

ஆயக்குடி கொய்யா

மாவை விட்டு நம்ம சரக்குக்கு வர்றேன். பல்லடத்து தம்பி, கொய்யாவுக்கு இந்த யோசனையெல்லாம் தேவையே இல்ல. கொய்யா புதுத்துளிர்லதான் பூ எடுக்கும். நீங்க வெட்டினா துளிர், துளிர் வந்தா கூடவே பூ. மாவை வெட்டினா காய் தள்ளிப்போகும், கொய்யாவை வெட்டினா காய் நெருங்கி வரும். அதனாலதான் லக்னோவுல இருக்கிற மத்திய தோட்டக்கலை நிறுவனத்துக்காரங்க 2 மீட்டருக்கு 1 மீட்டர்னு, ஹெக்டேருக்கு 5000 செடி வரைக்கும் நெருக்கி வைக்கிற முறையைக் கொண்டுவந்தாங்க. அந்த முறையில நட்ட ஒண்ணு ரெண்டு மாசத்துலயே 30–40 செ.மீ-ல தலையை எடுத்துடுவாங்க. 15–20 நாள்ல துளிர் வரும், மூணு நாலு வெச்சுக்கணும். மூணு நாலு மாசம் வளர்ந்ததும் அந்தக் கிளைகள்ல பாதி நீளத்தை வெட்டணும். இப்படியே போகும்.

உங்களது ஏற்கனவே ஒரு வயசு. அந்த ரெண்டு மூணு கிளையையும் பாதியா வெட்டி விடுங்க, போதும். நேரா விறைச்சு மேல போற கிளையைத்தான் முதல்ல. படுக்கையா இருக்கிறதைத் தொடாதீங்க. வெட்ட மனசில்லைன்னா வளைச்சுக் கட்டுங்க. மேற்கு வங்கத்துல கொய்யாவை கிளை கிளையா வளைச்சுக் கட்டித்தான் பருவமில்லாத பருவத்துல காய் எடுக்கிறாங்க. கிளை படுத்துச்சுன்னா நீளத்துக்கும் கண்ணு கண்ணா துளிர் எழும்பும்.

வெட்டினதும் வர்ற இளந்துளிருக்கு தேயிலைக் கொசுன்னு சாறு உறிஞ்சுற ஒரு பூச்சி வரும். இளந்தண்டுல கரும்புள்ளி விழுந்து நுனி கருகும். காய்ல பட்டா சொறி சொறியா ஆயிரும், சந்தையில எடுக்க மாட்டான். காலையில சுத்திப் பாருங்க.

போரூர் மாடித்தோட்டம்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் தொட்டியில் எலுமிச்சை. நர்சரியில் காய்க்கும் செடி என்று கொடுத்தார்கள். நாலரை அடி உயரம். இந்த இழையைப் படித்துவிட்டு இன்று மாலையே பாதியாக வெட்டலாம் என்று இருக்கிறேன். வெட்டட்டுமா?

கிருஷ்ணகிரி மாந்தோப்பு

நிறுத்துங்க மேடம்! எலுமிச்சையை அப்படி வெட்டினா நீளநீளமா, சதுரத்தண்டா, பெரிய முள்ளோட நீர்ப்போத்து அடிச்சுக் கிளம்பும். காய் வராது, கைதான் கிழியும். எலுமிச்சை தானாவே புதராகிற ஜாதி. அடியிலிருந்து ஒண்ணரை அடி வரைக்கும் வர்ற பக்கக்கிளை, காய்ஞ்சது, ஒண்ணோடொண்ணு உரசறது, இதை மட்டும் எடுங்க. உயரம் பிடிக்கலைன்னா உச்சியில ரெண்டு விரல் அளவு நுனியைக் கிள்ளுங்க, அது போதும். அடியில மூணு இலையா சேர்ந்த துளிர் வந்தா அது ஒட்டுச்செடியோட வேர்ப்பகுதி. அதைப் பிடுங்கி எறியணும்.

போரூர் மாடித்தோட்டம்

நல்லவேளை! மூன்று இலைத் துளிர் இரண்டு இருக்கிறது, நான் அதைத்தான் புதுக்கிளை என்று ரசித்துக்கொண்டிருந்தேன். 😀 இப்போதே எடுக்கிறேன்.

அரூர் சீத்தா

சீத்தாவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. இது தனிக்குணம் உள்ள மரம். மற்ற மரத்தில் மொட்டு இலைக்காம்பின் கக்கத்தில் வெளியே தெரியும். சீத்தாவில் மொட்டு காம்பின் அடிப்பகுதிக்கு உள்ளேயே மூடிக்கிடக்கும். ஒரு இலையை மெதுவாகப் பிடுங்கிப் பாருங்கள், காம்பு இருந்த இடத்தில் குதிரைக்குளம்பு மாதிரி ஒரு தழும்பு, அதன் நடுவில் ரோமத்தோடு மொட்டு உட்கார்ந்திருக்கும். இலை போகாமல் அது வெளியே வர முடியாது.

அதனால் சீத்தாவை வெட்டுவதென்றால் குளிர் முடிந்து இலை உதிர்ந்து நிற்கும் நேரம் சரி. தை, மாசி. இப்போது வெட்டியே ஆக வேண்டுமானால் வெட்டின இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று இலையைக் கையால் எடுத்துவிடுங்கள். இலையை விட்டுவிட்டு "வெட்டியும் துளிர்க்கவில்லை" என்று எழுதுகிறவர்களை வாரம் ஒருமுறை பார்க்கிறேன்.

பல்லடத்துக்காரன்

ஆளுக்கு ஒரு பாடம் நடத்திட்டீங்க, ரொம்ப நன்றிங்க. சீத்தாவைத் தை வரைக்கும் தொடலை. எலுமிச்சையில கீழ்க்கிளை மட்டும். கொய்யாவை ஆயக்குடியார் சொன்னபடி பாதி. மாவுல அப்பா ஒரு சமாதானத்துக்கு வந்திருக்காரு: பாதிச் செடியை 70-ல வெட்டறது, மீதியை இலை இருக்கிற இடத்துல, அதாவது இடுப்புக்கு மேல வெட்டறது. வாத்தியார் சொன்ன மடக்கு முறையை வரப்போரம் இருக்கிற நாலு செடியில பார்க்கலாம்னு இருக்கேன்.

வெட்டின இடத்துல என்ன தடவறது? சிலர் சாணிங்கிறாங்க, சிலர் மஞ்சள்ங்கிறாங்க.

கிருஷ்ணகிரி மாந்தோப்பு

போர்டோ பசை. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணி 10 லிட்டர். உங்களுக்கு அதுல பத்துல ஒரு பங்கு போதும். தனித்தனியா பிளாஸ்டிக் வாளியில கரைச்சு ஒண்ணாக் கலக்கணும், இரும்பு வாளி ஆகாது. கலந்ததும் ஒரு பளபளப்பான கத்தியை ஒரு நிமிஷம் முக்கி எடுங்க. கத்தியில செம்பு படிஞ்சா சுண்ணாம்பு பத்தலை, இன்னும் கொஞ்சம் சேருங்க. அன்னைக்குக் கலக்கினதை அன்னைக்கே தடவி முடிச்சுடணும்.

வெட்டு சரிவா இருக்கணும், மழைத்தண்ணி நிக்கக் கூடாது. அப்புறம் மாவுல ஒரு நுணுக்கம். தண்டுல அங்கங்க இலைத்தழும்பு நெருக்கமா வளையமா இருக்கும், ஒவ்வொரு கொழுந்து வளர்ச்சியும் முடிஞ்ச இடம் அது. அந்த வளையத்துக்கு மேல ஒட்டி வெட்டினா ஒரே இடத்துலருந்து ஏழெட்டு துளிர் குடை மாதிரி வரும். காய்ப் பாரம் ஏறினா அந்த இடத்துல பிளக்கும். வளையத்துக்குக் கீழ வெட்டுங்க. துளிர் கம்மியா வரும், ஆனா மேலயும் கீழயுமா தள்ளித் தள்ளி வரும். அந்த மூங்கிலையும் அவுத்துடுங்க. தலைப்பாரம் போனப்புறம் அது எதுக்கு? காத்துல ஆடினாத்தான் தண்டு தடிக்கும்.

ராசிபுரம் மானாவாரி

யூரியாவை அள்ளிக் கொட்டிவிடாதீர்கள். வெட்டினவுடன் யூரியா வைத்தால் துளிர் கொழுகொழுவென்று வந்து மறுபடியும் அதே குச்சிதான். மக்கின எரு ஒரு கூடை, வேப்பம்புண்ணாக்கு ஒரு கை. அது போதும்.

பல்லடத்துக்காரன்

ஐப்பசி மழைக்கு நடுவுல நிலவரம் சொல்றேனுங்க.

கொய்யா அமர்க்களம். வெட்டின எல்லாக் கிளையிலயும் துளிர், சிலதுல பூவே வந்திருச்சு. அப்பா பூவைப் பார்த்ததும் அமைதியாயிட்டாரு.

மாவுல இலை இருக்கிற இடத்துல வெட்டினது எல்லாம் சீக்கிரமே துளிர்த்துச்சு. ஆனா கிளை பிரியறது நெஞ்சுக்கிட்ட. மேல நாலு கிளையும் கீழ மொட்டைத் தண்டுமா நிக்குது. 70-ல வெட்டினதுல ரொம்ப நாள் ஒண்ணுமே காணோம். அப்பா தினமும் காலையில அதுக்கு முன்னால போய் நின்னு என்னைப் பார்ப்பாரு. அப்புறம் தோல் வெடிச்ச மாதிரி அங்கங்க சின்னதா செவப்பு முளை. இப்ப பெரும்பாலானதுல மூணு, நாலு துளிர், நல்ல அகலமான கோணத்துல. ரெண்டு செடி நுனியிலருந்து கருகி ஒட்டு வரைக்கும் இறங்கிருச்சு, அதுல ஒண்ணு போயிருச்சு. ரெண்டுமே விரல் தடிமனுக்குக் குறைஞ்ச செடிங்க. மடக்கிக் கட்டின நாலும் துளிர்த்திருச்சு, ஆனா களை எடுக்கிற ஆளுங்க கால் தடுக்குதுன்னு திட்டறாங்க.

இப்ப புதுசா ஒரு கூத்து. கொழுந்து விரிஞ்ச மறுநாளே இலையெல்லாம் தரையில கிடக்குது. புழு கடிச்ச மாதிரி இல்லைங்க, கத்தரி வெச்சு நறுக்கின மாதிரி நேர்க்கோடு. காம்புப் பக்கம் ஒரு துண்டு மட்டும் செடியில தொங்குது. யாராச்சும் வேணும்னே பண்றாங்களோன்னு கூட அப்பாவுக்குச் சந்தேகம்.

தாவரவியல் வாத்தியார்

யார் மேலும் சந்தேகப்பட வேண்டாம். இலை வெட்டும் கூன்வண்டு. பெண் வண்டு இளம் இலையின் நடுநரம்பில் முட்டை வைத்துவிட்டு, காம்புக்குக் கொஞ்சம் தள்ளி இலையைக் குறுக்கே வெட்டித் தள்ளிவிடும். விழுந்த இலைக்குள் புழு வளர்ந்து, பிறகு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். ஆகவே மரத்தில் தெளிப்பதைவிட முக்கியம், விழுந்த இலையைத் தினமும் பொறுக்கி எரிப்பது. ஓர் இலையை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், நரம்போரம் முட்டை வைத்த புள்ளி தெரியும். செடியடி மண்ணையும் லேசாகக் கொத்திவிடுங்கள்.

கவாத்து செய்த தோட்டத்தில் எல்லாச் செடியும் ஒரே நேரத்தில் துளிர்ப்பதால் அதற்கு விருந்து. இலை முற்றியதும் தொடாது.

கிருஷ்ணகிரி மாந்தோப்பு

ஒரு செடி போனது வருத்தம்தான், அந்தக் குழியில கையோட வேற கன்னு வெச்சுடுங்க. நெஞ்சு உயரத்துல பிரிஞ்சதை என்ன பண்றதுன்னு கேப்பீங்க. ரெண்டு வழி. ராசிபுரத்தார் மாதிரி கீழ ஊடுபயிர் போடறதா இருந்தா அப்படியே விடலாம். இல்லைன்னா அடுத்த ஆடிக்குள்ள தண்டு தடிச்சிருக்கும், அப்ப கீழ இறக்கி வெட்டலாம். நானா இருந்தா இறக்குவேன். ஒரு வருஷம் போகும், ஆனா இருபது வருஷம் ஏணி தூக்க வேண்டாம்.

துளிர்த்த கிளைகள்ல ரொம்ப நேரா நிக்கறது இருந்தா, தண்டோட ஒட்டி குறுகலான கவை விழும். இப்பவே சணல்ல அரைச்செங்கல் துண்டைக் கட்டித் தொங்க விடுங்க, 45 டிகிரிக்குச் சாயற வரைக்கும். முத்தினப்புறம் சாய்க்கப் போனா முறிஞ்சிரும்.

ஆயக்குடி கொய்யா

கொய்யால இப்ப வந்த பூவை உருவி விட்டுடுங்க தம்பி. அப்பாவுக்குத் தெரியாம. 😄 முதல் வருஷம் காய் விட்டா கிளை நீளாது.

பல்லடத்துக்காரன்

ஒரு செடியில மட்டும் அப்பாவுக்காக விட்டு வெச்சிருக்கேனுங்க, மீதி உருவியாச்சு. கடைசியா ஒரு கேள்வி. வேலியோரத்துப் பலா நாலும் ஆள் உசரம் தாண்டிருச்சு. அதுக்கும் இதே கணக்கா?

ராசிபுரம் மானாவாரி

பலாவுக்கு அவசரமே வேண்டாம். அது அடிமரத்திலும் தடித்த கிளையிலும் காய்க்கிற மரம், நுனி எத்தனை என்ற கணக்கே அதற்குக் கிடையாது. அதை புதராக்கி என்ன செய்யப் போகிறீர்கள்? தண்டு தடிக்கட்டும். பத்துப் பன்னிரண்டு அடி தாண்டியதும் உச்சியை மட்டும் எடுத்தால் காய் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும். வேலியோரம் என்கிறீர்கள், ஆடு எட்டாதபடி முள் கட்டியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பலா இலை என்றால் ஆடு வேலி தாண்டும். வெட்டும் நாளில் கத்தியில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பால் ஒட்டி அடுத்த மரத்துக்கு அந்தக் கத்தி உதவாது.